பதினாறு ஆணிக் காந்தம்

மூடிக்கிடக்கும் விசாலம் மில்லின் லைன் வீடுகளில் தண்ணீர் இன்றைக்கும் வெட்கத்தினால்தான் மேலேறுகிறது. அது என்றைக்குத் தொடங்கியது என்று கேட்டால் அங்கே ஆளுக்கொரு நாளைச் சொல்வார்கள். சம்பூரணத்தைக் கேட்டால் அவள் நாளைச் சொல்லமாட்டாள், கையைப் பார்த்துக்கொள்வாள்.

மில் மூடிய மறுவருடம் போர்வெல்லின் கம்ப்ரசருக்கு வந்துகொண்டிருந்த மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். இணைப்பு மில்லின் பெயரில் இருந்தது, மில் யாருடைய பெயரில் இருக்கிறது என்று கோர்ட்டில் வழக்கு இருந்தது, முன்னூறு அடிக்குக் கீழே தண்ணீர் இருந்தபடியே இருந்தது, நாற்பத்திரண்டு வீட்டுப் பெண்களும் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்க் குடம் சுமந்து வந்தார்கள். அவர்களில் ஒருத்திதான் சம்பூரணம். ஐம்பத்துநான்கு வயது, புருஷன் போய்ப் பத்து வருடம், முப்பது வருடமாக ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் காயில் கட்டுகிற வேலை. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைக்கூட அறுக்காமல் ஆயிரம் சுற்றுச் சுற்றுகிற விரல்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட் திறக்கக் காத்து நிற்கையில் மட்டும் மரத்துப்போயின.

கரண்டும் எண்ணெயும் இல்லாமல் வெறும் காந்தங்களின் தள்ளலில் சுற்றுகிற மோட்டாரை அவள் யாருடைய போனிலோ பார்த்தாள். ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் சிரித்தார். "தள்ளற காந்தமே இழுக்கவும் செய்யுமுங்கக்கா. தள்ளுனதும் இழுத்ததும் சரிக்குச் சரியாப் போயிரும். சுத்தாதுங்க." அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும், முப்பது வருடத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் தெரிந்தது தலையில் இருந்தது, வலி முழங்காலில் இருந்தது. அந்த வாரமே அவள் காந்தம் பொறுக்கப் போனாள்.

பழைய இரும்புக் கடைகளில் மற்றவர்கள் செம்பைத் தேடுவார்கள், பித்தளையைத் தேடுவார்கள், சம்பூரணம் காந்தத்தைத் தேடினாள். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பருக்குள் இருக்கிற காந்தப் பட்டையை விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டாள், அது ஊசி தூக்கத்தான் ஆகும். செத்துப்போன கம்ப்யூட்டர்களின் டிஸ்க்கைத் திறந்து பிறைத் துண்டுகளை எடுத்தாள், அவை ஒன்றையொன்று பார்த்ததும் பாய்ந்து ஒட்டிக்கொண்டு, நடுவில் அகப்பட்ட அவள் பெருவிரலில் ரத்தம் கட்ட வைத்தன. மொபெட்டின் ஃப்ளைவீல், சைக்கிள் டைனமோ, கல்யாண மண்டபத்தில் கிழிந்த ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாய்க் கழற்றினாள், சூடு காட்டினால் காந்தம் செத்துவிடும் என்று பசையைக்கூட நெருப்பில் இளக்காமல் பொறுமையாய்ச் சுரண்டி எடுத்தாள், கீழே போட்டால் பலம் குறையும் என்று முந்தானையில் முடிந்து எடுத்துவந்தாள். வீட்டில் ஒவ்வொன்றையும் நூலில் கட்டித் தொங்கவிடுவாள். அது ஆடி ஆடி அடங்கி எந்தப் பக்கத்தை வடக்கே மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவாள். பிறகு ஆணிப் பரீட்சை. காந்தத்தின் கீழே ஒரு ஆணி, அந்த ஆணியின் நுனியில் இன்னொரு ஆணி என்று சங்கிலியாய்த் தொங்கவிட்டு எண்ணுவாள். சக்கரத்தில் பன்னிரண்டு காந்தம் வேண்டும், பன்னிரண்டும் ஒரே பலமாய் இருக்கவேண்டும், ஒன்று இளைத்திருந்தாலும் சக்கரம் அந்த இடத்தில் வந்து தூங்கிவிடும். பதினாறு ஆணி தூக்காத காந்தம் எனக்கு வேண்டாம் என்று அவள் வைராக்கியமாய் இருந்தாள்.

ஏழு மாதத்தில் பதினொன்று தேறியது. பன்னிரண்டாவது தேறவில்லை. எட்டு ஆணி வந்தது, பத்து வந்தது, ஒருமுறை பதினைந்து வந்து அவளை அழவைத்தது.

அப்படி இருக்கும்போதுதான் சவரிமுத்து தன் குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சவரிமுத்து லைனின் மூன்றாவது வரிசையில் இருப்பவர், மொபெட்டில் பேட்டரியும் குழாய் ஸ்பீக்கரும் கட்டிக்கொண்டு அறிவிப்புச் சொல்லிப் பிழைப்பவர். ரேஷனில் பாமாயில் வந்தது, இன்னாருடைய தகப்பனார் காலமானார், வெள்ளாட்டுக்குட்டி காணவில்லை, இதெல்லாம் அந்த வட்டாரத்துக்கு அவர் குரலில்தான் வந்து சேரும். அவர் மனைவி மரியபுஷ்பத்துக்கு நாலு வருடமாய் ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஊர் மறந்தது, பிறகு பிள்ளைகள் மறந்தார்கள், தன் பேரும் மறந்தது. கதவு திறந்திருந்தால் நடந்து போய்விடுவாள். ஆனால் சவரிமுத்து மொபெட்டை எடுத்து, "புஷ்பம், காபி ஆறுதும்மா, வா" என்று ஸ்பீக்கரில் ஒருதரம் கூப்பிட்டால் போதும், எந்தத் தெருவில் இருந்தாலும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அந்தக் குரலைப் பார்த்து நடந்துவருவாள். வாரத்தில் இரண்டு நாளாவது லைன்காரர்கள் இதைக் கேட்டார்கள். சம்பூரணமும் கேட்டாள்.

"அம்மிணி, சத்தம் கரகரங்குது. காயில் போயிருச்சா பாரு" என்றார் சவரிமுத்து.

"வெச்சுட்டுப் போங்கண்ணா. நாளைக்குக் கட்டி வெக்கறேன்."

குழாயின் பின்பக்கத்தில் சத்தம் பிறக்கிற யூனிட்டைத் திறந்து காயிலைப் பிரிக்கும்போது உள்ளே அந்தக் காந்தம் இருந்தது. பழைய காலத்துக் கனம், ஓரம் தேயாத வட்டம். சும்மா பார்க்கலாமே என்றுதான் அவள் ஆணியை எடுத்தாள். பத்து, பன்னிரண்டு, பதினான்கு. பதினாறாவது ஆணி மெல்ல ஆடிக்கொண்டே நின்றது. அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சவரிமுத்துவின் யூனிட்டுக்குள் புதுக் காயில் இருந்தது, கரகரப்பு இல்லை, ஏழு ஆணி தூக்குகிற காந்தம் ஒன்று இருந்தது. ஒரு வாரம்தானே, சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுவோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓட்டிப் பார்த்த சவரிமுத்து, "சுத்தமாப் பேசுது. கொஞ்சம் மெதுவாக் கேக்குதோ?" என்றார். "புதுக் காயிலுங்ணா. போகப்போகச் சரியாயிரும்" என்றாள் சம்பூரணம். அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து எவ்வளவு வழவழப்பாய் வந்தது என்பதை அவள் பிற்பாடு பலநாள் நினைத்துப் பார்த்தாள்.

பம்ப் ரூமில் சக்கரத்தை மாட்டி, பன்னிரண்டு காந்தமும் பொருத்தி, கம்ப்ரசருக்குப் பெல்ட்டும் போட்டாள். சக்கரம் கால் சுற்றுச் சுற்றி நின்றது. சாய்த்து வைத்தாள், இடம் மாற்றினாள். கால் சுற்று. ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று, ஃபோர்மேன் சொன்னது சொன்னபடியே இருந்தது.

நான்காவது வாரம், மழை பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மரியபுஷ்பம் கதவைத் திறந்துகொண்டு நடந்துவிட்டாள். சவரிமுத்து மொபெட்டில் தெருத்தெருவாய்க் கூப்பிட்டார். "புஷ்பம், காபி ஆறுதும்மா, வா." லைன்காரர்கள் எல்லோரும் தேடினார்கள், ரயில் தண்டவாளத்தில் தேடினார்கள், குளக்கரையில் தேடினார்கள், பஸ் ஏறிப் போய்க்கூடத் தேடினார்கள், சம்பூரணமும் முழங்கால் வலியோடு தேடினாள். மூன்றாம் நாள் காலையில் பால்காரர் கண்டுபிடித்தார். அவள் தூரம் எங்கும் போயிருக்கவில்லை. நாலு தெரு தள்ளி, மில்லின் பின்கேட்டுக்குள் வாட்ச்மேன் கூண்டில், எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவளாய் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் பழைய காந்தம் இருந்திருந்தால் அந்தக் குரல் மில்லைத் தாண்டி அப்பாலும் போயிருக்கும். நெஞ்சில் சளி கட்டிப் பன்னிரண்டாம் நாள் அவள் இறந்துபோனாள்.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்த சம்பூரணம் வீட்டுக்குப் போகாமல் நேராய்ப் பம்ப் ரூமுக்குப் போனாள், அந்தக் காந்தத்தைப் பிடுங்கி எடுத்துவிட வேண்டும் என்றுதான் போனாள். அவள் உள்ளே காலை வைத்ததும் சக்கரம் சுற்றியது. கால் சுற்றைத் தாண்டி, அரைச் சுற்றைத் தாண்டி, பெல்ட்டை இழுத்துக்கொண்டு, பொட்டுகளெல்லாம் ஒரே சிவப்பு வளையமாய்த் தெரிகிற வேகத்தில் சுற்றியது. கம்ப்ரசர் முனகியது. முன்னூறு அடி ஆழத்திலிருந்து தண்ணீர் இருமிக்கொண்டே மேலே வந்தது.

வெளியே பெண்கள் கூவினார்கள், யாரோ குலவை போட்டார்கள், சம்பூரணத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்தக் காந்தத்தை அவள் எப்படி எடுப்பாள்?

அவள் வீட்டுக்குப் போனால் சக்கரம் நின்றது, வந்தால் சுற்றியது. கைராசி என்று லைன் தீர்மானித்தது. லைன் சங்கத் தலைவர் வெள்ளிங்கிரி, ஒருகாலத்தில் ஸ்பின்னிங் மேஸ்திரியாய் இருந்தவர், சக்கரத்துக்கு மாலை போட வந்தார். சம்பூரணம் அப்போது அங்கே இல்லை. ஆனாலும் அவர் கிட்டே போனதும் சக்கரம் மெதுவாய் நாலு சுற்றுச் சுற்றியது.

"ஏனுங்க, எதுக்குங்க சுத்துது?" என்றாள் அவர் மனைவி துளசியம்மாள்.

"காத்து அம்மிணி."

"நானும் பக்கத்துலதான நிக்கறேன். எனக்கு அடிக்கலீங்களே அந்தக் காத்து?"

ஆளாளுக்கு வந்து நின்று பார்த்தார்கள். சிலருக்கு இரண்டு சுற்று, சிலருக்கு இருபது. கைக்குழந்தைகளுக்கு அசையவில்லை. புதிதாய்க் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி நின்றதும் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது, அவள் ஓவென்று அழுது, மாமியாரின் வெற்றிலை உரலை உடைத்துக் குப்பையில் போட்டது தான்தான் என்று சொன்னாள், சொன்ன நிமிஷம் சக்கரம் நின்றது. அப்போதுதான் லைனுக்குப் புரிந்தது. புரிந்ததும் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. உள்ளே ஏதோ கிடக்கிறவர்களுக்குச் சுற்றும், அவ்வளவுதான். தண்ணீர் வேண்டும், கிடக்கிறது எல்லா வீட்டிலும் உண்டு.

பத்தே நாளில் முறை ஏற்பட்டுவிட்டது. பம்ப் ரூம் சுவரில் சாக்பீஸால் வீட்டு எண்களை எழுதினார்கள், வீட்டுக்கொரு ஆள் நிற்க வேண்டும், நிற்கிறவரைப் பார்க்காமல் மற்றவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும், என்ன என்று யாரும் கேட்கக்கூடாது. பிள்ளைத்தாச்சிகளுக்கு முறை இல்லை, துக்க வீட்டுக்கு ஒரு வருடம் முறை இல்லை. தேர்தலில் நிற்கிற ஒருவர் கேள்விப்பட்டு ஆட்களோடு வந்து சக்கரத்தின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அது இம்மிகூட அசையவில்லை. "எந்திரம் ரிப்பேருங்களா?" என்று அவருடைய ஆள் கேட்டான். "எந்திரம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் துளசியம்மாள், சுவரைப் பார்த்தபடி.

ஆனால் அப்படித் தினமும் தங்கள் உள்ளே கிடக்கிறதின் பக்கத்தில் நின்று நின்று, மனிதர்கள் அதைத் தாங்கமாட்டாமல் போய்ச் சொல்ல ஆரம்பித்தார்கள். அண்ணன் தம்பியிடம் சொன்னான், மருமகள் மாமியாரிடம் சொன்னாள், வெள்ளிங்கிரி துளசியம்மாளிடம் ஏதோ சொல்லிவிட்டு ஒரு வாரம் தங்கை வீட்டில் சாப்பிட்டார். எட்டு வருடம் பேசாதவர்கள் பேசினார்கள். அதனால் தண்ணீர் குறைந்தது. சொன்னவர்களுக்குச் சக்கரம் சுற்றவில்லை. ஒருவன் தண்ணீருக்காகவே பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடிவிட்டு வந்து நின்றான், கோழிதான் கத்தியது. வருடம் திரும்பும்போது, டேங்க்கை நிரப்பும்படி சுற்றுவதற்கு லைனில் சம்பூரணம் ஒருத்திதான் மிச்சம்.

அவளுக்கு நாற்காலி போட்டார்கள், காலையும் மாலையும் டம்ளரில் காபி வந்தது, முழங்காலுக்குத் தைலம் வந்தது. அவள் முகம் வாடியிருந்தால் வெள்ளிங்கிரி பதறிப்போவார். "அக்கா, உங்களுக்கு என்னன்னு நாங்க கேக்கல. கேக்கவும் மாட்டோம். ஆனா நீங்களும் யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க. நாப்பத்திரண்டு வீடுங்க."

"சொல்லமாட்டேனுங்க" என்பாள் சம்பூரணம். தன்னைத் தின்கிற ஒன்றுக்கு ஊரே சோறு போட்டு வளர்க்கிறது என்று நினைப்பாள், பிறகு, ஊரைச் சொல்லி நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைப்பாள், அப்போது சக்கரம் இன்னும் வேகமாய்ச் சுற்றும், பெண்கள் சந்தோஷமாய்க் குடத்தை நகர்த்துவார்கள்.

துக்கத்துக்கு ஒரு வருடம் முடிந்த மறுநாள் காலை சவரிமுத்து இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு வந்தார். "எனக்கும் முறை வந்துருச்சுங்களே" என்றார். மெலிந்திருந்தார். மனைவி போனபின் அவர் மொபெட்டை எடுக்கவேயில்லை, சாவுச் செய்திகூட இப்போது போனில்தான் வந்தது. எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள், சம்பூரணமும் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய் நின்று திரும்பிக்கொண்டாள்.

சக்கரம் அலறியது. அவளுக்குச் சுற்றுவதைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகம். கம்ப்ரசர் அதிர்ந்தது, தொட்டியில் தண்ணீர் பாறையில் விழுகிற சத்தத்தோடு விழுந்தது, சுவரைப் பார்த்து நின்ற பெண்கள் சிரித்தார்கள். "சவரியண்ணன் நின்னா ரெண்டு டேங்க் ரொம்பும் போல!" என்றாள் ஒருத்தி. சம்பூரணம் மட்டும் சிரிக்கவில்லை. இந்த மனுஷருக்கு உள்ளே கிடக்க என்ன இருக்கிறது?

அவள் திரும்பினாள். அந்த ஒரு வருடத்தில் முதல் முறையாக ஒரு ஆள் திரும்பியது, ஒரு ஆள் கேட்டது.

"சவரியண்ணா, உங்களுக்கு என்னங்ணா?"

"அம்மிணி, கேக்கக்கூடாதுன்னு..."

"சொல்லுங்ணா."

சவரிமுத்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "அன்னைக்கு நான் சரியாக் கூப்பிடல அம்மிணி. நீ புதுசாக் காயில் கட்டிக் குடுத்திருந்தே, மிஷின் சுத்தமாத்தான் இருந்துச்சு. என் தொண்டைதான். பொண்டாட்டியத் தொலைச்சுட்டு மைக்குல காபி ஆறுதுன்னு கத்தறானேன்னு சனங்க சிரிக்குமோன்னு ஒரு கூச்சம். அடக்கி வாசிச்சேன் போல இருக்குது. நாலு தெரு எட்டல. நாலே தெரு. அவ அங்கயேதான் உக்காந்துட்டு இருந்திருக்கா."

சம்பூரணம் உள்ளே போனாள். சுற்றுகிற சக்கரத்தில் வெறும் கையை வைத்தாள், ஆரக்கால் பட்டு உள்ளங்கை கிழிந்தது, சக்கரம் நின்றது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

வெள்ளிங்கிரிக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. "அக்கா, இன்னைக்கு வேண்டாமுங்க. பாதி டேங்க்தான் ஆயிருக்குது."

பின்னாலிருந்து பெண்கள் சொன்னார்கள். "அக்கா, வேண்டாமுங்க. குழந்தைங்க இருக்குதுங்க." "பொங்கல் போகட்டுமுங்க அக்கா." எவரும் கோபமாய்ச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னார்கள்.

அவள் காந்தத்தை நெம்பி எடுத்தாள். பொட்டு வெளுத்திருந்தது. அதைச் சவரிமுத்துவின் கையில் வைத்தாள்.

"இது உங்க யூனிட்டுல இருந்ததுங்ணா. நான் எடுத்துட்டு மட்டமானத வெச்சேன். பதினாறு ஆணி தூக்கும். உங்க தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு. எட்டாம போனது என்னாலதானுங்க. புஷ்பக்காவ நீங்க கூப்பிடறத வாரா வாரம் கேட்டுட்டே இருந்தவ நான். கேட்டுட்டேதான் எடுத்தேன்."

சவரிமுத்து காந்தத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் சட்டைப்பையில் இருந்த சாவி அதைப் பார்த்துத் துணிக்குள்ளே எழுந்து நின்றது. அவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள், அடிக்கட்டும் என்றுகூட நினைத்தாள்.

"ஒரு வருஷம்" என்றார் சவரிமுத்து. "ஒரு வருஷமா என் தொண்டையத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருந்தேன், சம்பூரணம்."

அம்மிணி என்று சொல்லாமல் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குடங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பதினோரு காந்தமும் ஒரு பள்ளமுமாய்ச் சக்கரம் நின்றது. சம்பூரணம் அதன் பக்கத்தில்தான் இருந்தாள், அவளுக்கு அது அசையவில்லை. சொன்னவர்களுக்குச் சுற்றாது என்பது தெரிந்ததுதான். இருந்தும், இவ்வளவு பெரியது இவ்வளவு சீக்கிரமாய் அடங்குமா என்று அவளுக்கு அருவருப்பாய் இருந்தது. ரத்தம் வடிகிற கையைப் புடவையில் சுற்றிக்கொண்டு, பெண்களின் வசவுக்காகத் தலையைக் குனிந்து நின்றாள்.

வசவு வரவில்லை. வெள்ளிங்கிரி அந்த நாற்காலியைப் பார்த்தார், நாற்காலியின் கீழே ஈ மொய்த்த காபி டம்ளரைப் பார்த்தார். பொங்கல் போகட்டும் என்று சொன்னவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். துளசியம்மாள் கீழே உட்கார்ந்து, சவரிமுத்து விட்டுப்போன குடங்களைக் காரணமில்லாமல் துடைத்தாள். அப்போது சக்கரம் அசைந்தது. யாருக்கு என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெள்ளிங்கிரி இரண்டடி தள்ளிப் போனார், சக்கரம் நிற்கவில்லை. துளசியம்மாள் வெளியே போனாள், நிற்கவில்லை. யார் விலகினாலும் சுற்றியது, அது எல்லோருக்குமாய்ச் சுற்றியது. பள்ளம் வருகிற இடத்தில் டக்கென்று ஒரு திணறல், பிறகு ஒரு சுற்று, மறுபடி டக். நொண்டி நொண்டித் தண்ணீர் ஏறியது.

நாலு நாள் கழித்து லைன்காரர்கள் ஒரு குரலைக் கேட்டார்கள். மில்லைத் தாண்டி, பின்கேட்டைத் தாண்டி, ரயில்வே கேட்டுக்கும் அப்பால் கேட்கிற குரல். சவரிமுத்து அந்தக் காந்தத்தை வேறு யாரிடமோ கொடுத்துத் திரும்ப யூனிட்டில் மாட்டியிருந்தார். "விசாலம் மில் லைன்காரங்க கவனத்துக்கு. தண்ணி விடற நேரமாச்சு. குடம் எடுத்துட்டு வாங்க."

அன்றிலிருந்து தினமும் காலை அவர் வருகிறார். முதல் வரிசையில் சொல்கிறார், இரண்டாவதில் சொல்கிறார், மூன்றாவதில் சொல்கிறார், அந்தச் சத்தத்துக்கு நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் வந்து பம்ப் ரூமுக்கு முன்னால் நிற்கிறார்கள். இப்போது யாரும் சுவர்ப்பக்கம் திரும்புவதில்லை. நாற்காலியை எடுத்துவிட்டார்கள். பெல்ட்டுக்கு எண்ணெய் விடச் சம்பூரணம் வருகிறாள், எல்லோரையும் போல் நின்றுகொண்டிருக்கிறாள். மொபெட் பம்ப் ரூம் பக்கம் வரும்போது மட்டும் சவரிமுத்து மைக்கை அணைத்துவிடுகிறார். இறங்கி, அவள் நிரப்பி வைத்திருக்கிற இரண்டு குடங்களை எடுத்துக்கொள்கிறார், அவள் பக்கம் பார்ப்பதில்லை. அவர் குடத்தை மொபெட்டில் கட்டி முடிக்கிறவரைக்கும் அந்த இடத்தில் ஒருவரும் பேசுவதில்லை. சக்கரத்தின் சத்தம் மட்டும் கேட்கிறது. டக் என்கிற ஒவ்வொரு தடவையும் சம்பூரணம் தன் கையைப் பார்த்துக்கொள்கிறாள்.